மூன்று அட்டை, ஒரே மருந்து: முழங்கால் வலிக்கு மாத்திரை போடும் வாசகிக்கு ஒரு பதில்

பெயரும் ஊரும் வேண்டாம் என்ற குறிப்போடு ஒரு வாசகி நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். வயது 53, எடை 68 கிலோ. பள்ளி ஆசிரியை, நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை. நான்கு வருடமாக இரண்டு முழங்காலிலும் வலி. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து மூட்டுத் தேய்மானம் என்று சொல்லியிருக்கிறார்கள். அப்போது ஐந்து நாளுக்கு என்று எழுதிக் கொடுத்த வலி மாத்திரையை முதலில் அந்தச் சீட்டைக் காட்டியும், பிறகு காலி அட்டையைக் காட்டியும் இன்றுவரை வாங்கிக்கொண்டிருக்கிறார். காலையில் ஒன்று, இரவில் ஒன்று, வலி கடுமையான நாளில் மதியமும் ஒன்று. உடம்பு வலித்தாலும் தலை வலித்தாலும் காய்ச்சல் மாத்திரை தனி. தலைவலி அதற்கும் அடங்காவிட்டால் கணவருக்கு வாங்கி வைத்திருக்கும் ஐபுப்ரோஃபென். ரத்தக் கொதிப்புக்கு ஆறு வருடமாக தினமும் ஒரு மாத்திரை போடுகிறார். முன்பெல்லாம் 130-ஐத் தாண்டாத பிரஷர் போன மாதம் 150/96. மாலையானால் கணுக்கால் வீங்குகிறது. நெஞ்செரிச்சலுக்கு ஆன்டாசிட் சிரப் குடிக்கிறார்.

அவர் கேட்பவை இவை: “வலி மாத்திரை கிட்னியைத் தின்றுவிடும் என்கிறார்கள். பயமாக இருக்கிறது. பிரஷர் மாத்திரை உட்பட எல்லாவற்றையும் நிறுத்திவிடலாமா? ஊசியாகப் போட்டுக்கொண்டால் கெடுதல் இல்லையாமே? போன வருடம் ஒருவர் காகிதப் பொட்டலத்தில் கொடுத்த மாத்திரை இரண்டே நாளில் வலியைத் துடைத்துப் போட்டது. திரும்ப அவரிடமே போகலாமா?” கடைசி வரியில், போகிற போக்கில் ஒன்று: “ஆறு மாத கர்ப்பிணியான என் மகள் இடுப்பு வலி என்றாள். என் மாத்திரையில் ஒன்று கொடுத்தேன். தப்பில்லையே?”

அன்புள்ள சகோதரிக்கு,

கடைசி வரியிலிருந்தே தொடங்குகிறேன், அதுதான் அவசரம். மகளுக்கு நீங்கள் கொடுத்த மாத்திரையில் டைக்ளோஃபினாக் இருக்கிறது. கர்ப்பத்தின் 20-வது வாரத்துக்குப் பிறகு இந்த வகை மருந்துகள் குழந்தையின் சிறுநீரகத்தைப் பாதித்து, பனிக்குட நீரைக் குறைத்துவிடக் கூடும். இன்னும் மாதம் ஏற ஏற, குழந்தையின் இதயத்தின் அருகே பிறந்த பிறகு மூட வேண்டிய ஒரு ரத்தக்குழாய் வயிற்றுக்குள்ளேயே சுருங்கத் தொடங்கும் ஆபத்தும் சேர்ந்துகொள்கிறது. ஒரே ஒரு மாத்திரை என்பதால் பதற வேண்டாம். ஒரு வேளை மருந்தில் இவையெல்லாம் நடப்பது மிக அரிது. ஆனால் இரண்டாவது மாத்திரை கொடுக்காதீர்கள். கொடுத்ததை மகளைப் பார்க்கும் மகப்பேறு மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். ஆறாம் மாதத்தில் வருவது வெறும் இடுப்பு வலிதானா, சிறுநீர்த் தொற்றா, கருப்பை சுருங்குவதா என்று பார்க்க வேண்டியது அவர். நீங்களும் நானும் அல்ல. மகளுக்கு வலி மாத்திரை தேவைப்பட்டால் பொதுவாகப் பாராசிட்டமால்தான் கொடுப்பார்கள், அதுவும் குறைந்த அளவில், குறைந்த நாட்களுக்கு.

சரி, இப்போது உங்கள் விஷயத்துக்கு வருவோம்.

முதலில் ஒரு கூட்டல் கணக்கு

நீங்கள் செய்த ஒரு நல்ல காரியம், எல்லா அட்டைகளின் பின்பக்கத்தையும் பார்த்து அப்படியே எழுதி அனுப்பியது. நிறைய பேர் “வெள்ளை மாத்திரை, நடுவில் கோடு போட்டிருக்கும்” என்றுதான் எழுதுவார்கள். உங்கள் கடிதத்தின் ஓரத்திலேயே பென்சிலால் கூட்டிப் பார்த்தேன்.

மூட்டு வலிக்கு நீங்கள் போடும் மாத்திரை ஒன்றில் இரண்டு மருந்து இருக்கிறது: டைக்ளோஃபினாக் 50 மில்லிகிராம், பாராசிட்டமால் 325 மில்லிகிராம். கடுமையான நாளில் மூன்று என்றால் பாராசிட்டமால் மட்டும் 975. காய்ச்சல் மாத்திரை என்று நீங்கள் சொல்வது பாராசிட்டமால் 650. அதில் மூன்று போட்டால் 1,950. போன வாரம் சளி பிடித்திருந்தபோது மூன்று வேளை போட்டதாக எழுதியிருக்கும் சளி மாத்திரையிலும் பாராசிட்டமால் 500 இருக்கிறது. அது 1,500. மொத்தம் 4,425 மில்லிகிராம்.

ஆரோக்கியமான பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளின் உச்ச அளவு 4,000. அது உச்சவரம்பு, தினமும் எட்ட வேண்டிய இலக்கு அல்ல. எடை 50 கிலோவுக்குக் குறைந்தவர்கள், கல்லீரல் கோளாறு உள்ளவர்கள், தினமும் மது அருந்துபவர்கள், சரியாகச் சாப்பிடாமல் கிடப்பவர்கள் ஆகியோருக்கு அதைவிடக் குறைவாகத்தான் கொடுக்க வேண்டும். “எதையும் அளவுக்கு மீறிப் போடுவதில்லை டாக்டர்” என்று நீங்கள் எழுதியது பொய்யில்லை. ஒவ்வொரு அட்டையையும் தனித்தனியாகப் பார்த்தால் அளவு சரிதான். ஆனால் உங்கள் கல்லீரலுக்கு மூன்று அட்டையும் ஒரே மருந்துதான். முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் இருப்பது கம்பெனி வைத்த பெயர். உள்ளே என்ன இருக்கிறது என்பது பின்பக்கத்தில், கண்ணாடி போட்டால்தான் தெரிகிற பொடி எழுத்தில் இருக்கிறது. சில நாடுகளில் இதே மருந்துக்கு அசிட்டமினோஃபென் என்று பெயர். உறவினர் யாராவது வெளிநாட்டிலிருந்து வாங்கி வந்த டப்பாவில் அப்படிப் போட்டிருந்தால் அதுவும் பாராசிட்டமால்தான்.

அளவு மீறினால் என்ன ஆகும்? பாராசிட்டமாலை உடைக்கும்போது கல்லீரலில் சிறிதளவு நச்சுப்பொருள் உண்டாகிறது. அதை முறிக்க குளுட்டாதயோன் என்ற பொருளைக் கல்லீரல் கையிருப்பில் வைத்திருக்கிறது. மருந்து அதிகமானால் கையிருப்பு தீர்ந்துபோய், நச்சு கல்லீரல் செல்களையே தாக்குகிறது. இதில் ஏமாற்றுகிற விஷயம் என்னவென்றால், முதல் நாள் பெரிதாக எதுவும் தெரியாது. கொஞ்சம் குமட்டல் இருக்கும், அவ்வளவுதான். மஞ்சள் காமாலையும் மயக்கமும் மூன்றாம் நாள் வாக்கில் வரும்போது பாதிக் காரியம் கைமீறியிருக்கும். இதற்கு என்-அசிட்டைல்சிஸ்டீன் என்ற முறிவு மருந்து உண்டு. ஒரேயடியாக அதிக அளவு விழுங்கியவர்களுக்கு எட்டு மணி நேரத்துக்குள் கொடுத்தால் நன்றாக வேலை செய்யும். “ஒன்றும் செய்யவில்லையே, பார்க்கலாம்” என்று வீட்டில் உட்கார்ந்திருப்பவர்கள் வீணடிப்பது அந்த எட்டு மணி நேரத்தைத்தான்.

நீங்கள் விழுங்கியது அந்த ரகம் இல்லை, சில நாட்களாகக் கொஞ்சம் கொஞ்சமாக மீறியிருக்கிறீர்கள். அதனால் இந்த வாரமே கல்லீரல் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். இதைப் படிக்கும் நாளிலும் அதே மாதிரி மூன்றையும் சேர்த்துப் போட்டுக்கொண்டிருந்தாலோ, குமட்டல், வலப்பக்க வயிற்று வலி, கண்ணில் மஞ்சள் ஏதாவது இருந்தாலோ, பாராசிட்டமால் உள்ள எல்லா மாத்திரையையும் நிறுத்திவிட்டு அன்றைக்கே போங்கள்.

கிட்னியைத் தின்பது எது?

“வலி மாத்திரை கிட்னியைத் தின்றுவிடும்” என்று உங்களைப் பயமுறுத்தியவர்கள் பாதி உண்மை சொல்லியிருக்கிறார்கள். வலி மாத்திரை என்று நாம் பொதுவாகச் சொல்வதில் இரண்டு குடும்பம் உண்டு. பாராசிட்டமால் ஒரு குடும்பம். சரியான அளவில் போட்டால் அது சிறுநீரகத்துக்குப் பெரிய பகை இல்லை. ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக், நாப்ராக்சென், அசிக்ளோஃபினாக், ஆஸ்பிரின் எல்லாம் இன்னொரு குடும்பம். நாங்கள் சுருக்கமாக என்செய்டு என்போம். வீக்கத்தையும் சேர்த்துக் குறைப்பவை இவை. உங்கள் பயம் போக வேண்டிய இடம் இதுதான்.

ஆஸ்பிரின் 1899-இல் விற்பனைக்கு வந்தது. அது எப்படி வேலை செய்கிறது என்பதை ஜான் வேன் என்ற ஆய்வாளர் கண்டுபிடித்துச் சொன்னது 1971-இல். எழுபது வருடத்துக்கு மேல் உலகமே காரணம் தெரியாமல் விழுங்கியிருக்கிறது! அவருக்கு 1982-இல் நோபல் பரிசு கிடைத்தது. அவர் சொன்னது இது: காயம் பட்ட இடத்தில் வலியையும் வீக்கத்தையும் உண்டாக்கும் புராஸ்டாகிளாண்டின் என்ற பொருளை உடம்பு சுரக்கவிடாமல் இந்த மருந்துகள் தடுக்கின்றன. சிக்கல் என்னவென்றால், அதே புராஸ்டாகிளாண்டின்தான் இரைப்பையின் உள்சுவரை அமிலம் அரிக்காமல் காக்கிறது. சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தக்குழாயை விரித்து வைத்திருப்பதும் அதுதான். முழங்காலுக்கு மட்டும் போ என்று மாத்திரைக்கு விலாசம் எழுத முடியாது.

இங்கேதான் உங்கள் பிரஷர் மாத்திரை உள்ளே வருகிறது. அது ஒரே மாத்திரைதான் என்று நினைத்திருப்பீர்கள். நீங்கள் எழுதி அனுப்பிய பொடி எழுத்தைப் பார்த்தால் அதற்குள்ளும் இரண்டு மருந்து: டெல்மிசார்டான், ஹைட்ரோகுளோரோதயசைடு. இரண்டாவது, சிறுநீரை அதிகம் போக வைக்கும் மருந்து. ஒரு தண்ணீர் வடிகட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே வரும் குழாயை டைக்ளோஃபினாக் சுருக்குகிறது. வெளியே போகும் குழாயை டெல்மிசார்டான் தளர்த்துகிறது. தொட்டியில் இருக்கும் தண்ணீரையே ஹைட்ரோகுளோரோதயசைடு குறைக்கிறது. வடிகட்டிக்குள் அழுத்தம் எங்கிருந்து வரும்? பிரஷருக்கான இந்த இரண்டும் தம்மளவில் நல்ல மருந்துகள். மூன்றும் ஒன்றுசேரும்போதுதான் சிறுநீரகம் திடீரென்று சோர்ந்துபோகிறது. அதிலும் வாந்தி, வயிற்றுப்போக்கு, கடும் காய்ச்சல் என்று உடம்பில் நீர் வற்றிய நாட்களில்.

உங்கள் பிரஷர் ஏறியதற்கும் கால் வீங்கியதற்கும் காரணம் இதுவாகவே இருக்கலாம். என்செய்டுகள் உப்பையும் நீரையும் உடம்பில் தேக்கும், பிரஷர் மாத்திரையின் வேலையையும் மந்தமாக்கும். பிரஷர் ஏறிவிட்டது என்று இன்னொரு மாத்திரை சேர்ப்பதற்கு முன்னால் வலி மாத்திரையை நிறுத்திப் பார்ப்பதுதான் முறை. சளி மாத்திரைக்கும் இதில் பங்குண்டு. மூக்கடைப்பு நீங்க அதில் சேர்த்திருக்கும் ஃபீனைலெஃப்ரின் ரத்தக்குழாயைச் சுருக்கி பிரஷரை ஏற்றக்கூடியது.

ஆகவே பிரஷர் மாத்திரையை நிறுத்தாதீர்கள். உங்கள் கடிதத்தில் எனக்கு அதிகக் கவலை தந்த கேள்வி அதுதான். பயத்தில் தப்பான ஆளை வெளியே அனுப்பப் பார்த்தீர்கள்.

இதயத்தைப் பற்றியும் இரண்டு வரி சொல்ல வேண்டும். ரோஃபெகாக்சிப் என்ற வலி மாத்திரை, வயிற்றுப் புண் குறைவு என்ற நல்ல பெயரோடு 1999-இல் வந்தது. மாரடைப்பும் பக்கவாதமும் கூடுகின்றன என்று தெரிந்து 2004-இல் உலகம் முழுக்கத் திரும்பப் பெறப்பட்டது. அதன் பிறகு பழைய மருந்துகளையும் துருவிப் பார்த்தார்கள். அதிக அளவில், நீண்ட நாள் போடும்போது டைக்ளோஃபினாக்கின் ஆபத்தும் ஏறக்குறைய அந்த வகையை ஒட்டியே இருப்பது தெரிந்தது. உங்களுக்கு ரத்தக் கொதிப்பு இருக்கிறது, நீங்கள் போடுவது ஒரு நாளுக்கு 150 மில்லிகிராம் வரை. அதாவது உச்ச அளவு. அதன் மேல் தலைவலிக்கு ஐபுப்ரோஃபென் 400. ஒரே குடும்பத்தில் இரண்டு மருந்தைச் சேர்த்துப் போட்டால் வலி இரட்டிப்பாகக் குறையாது, கெடுதல் மட்டும்தான் கூடும்.

சாப்பிட்ட பிறகு போட்டால் போதுமா? ஊசி போட்டால்?

“வெறும் வயிற்றில் ஒருநாளும் போட்டதில்லை” என்று இரண்டு இடத்தில் அடிக்கோடிட்டிருக்கிறீர்கள். நல்ல பழக்கம்தான், எரிச்சலைக் கொஞ்சம் குறைக்கும். ஆனால் புண் வருவதைத் தடுத்துவிடும் என்று நம்பாதீர்கள். மாத்திரை இரைப்பைச் சுவரில் உரசுவதால் மட்டும் புண் வருவதில்லை. மருந்து ரத்தத்தில் கலந்து, மேலே சொன்ன பாதுகாப்புச் சுரப்பை நிறுத்துவதால் வருகிறது. இதைப் புரிந்துகொண்டால் ஊசி பற்றிய கேள்விக்கும் பதில் கிடைத்துவிடும். இடுப்பில் போட்டாலும் மருந்து ரத்தத்துக்குத்தான் போகிறது. வயிற்றுப் புண், சிறுநீரகம், பிரஷர் மூன்றுக்கும் அதே ஆபத்து அப்படியே இருக்கிறது; போதாததற்கு ஊசி போட்ட இடத்தில் சீழ் பிடிக்கும் வாய்ப்பு வேறு.

இதை எனக்குப் புத்தகம் மட்டும் சொல்லித் தரவில்லை. பயிற்சி மருத்துவராக இருந்தபோது முதுகு வலிக்கு ஆறு வாரம் நானே ஐபுப்ரோஃபென் போட்டேன், தவறாமல் சாப்பாட்டுக்குப் பிறகு. நெஞ்செரிச்சல்கூட வந்ததில்லை. ஒருநாள் காலை மாடிப்படி ஏறும்போது கண் இருட்டிக்கொண்டு வந்தது. முந்தின இரண்டு நாளாக மலம் தார் மாதிரி கறுப்பாகப் போய்க்கொண்டிருந்ததை, இரவுப்பணி அலைச்சலில், பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்திருக்கிறேன். ஹீமோகுளோபின் 8-க்கு இறங்கியிருந்தது. நோயாளிகளிடம் தினமும் கேட்கிற கேள்வியை என்னிடம் நானே கேட்டுக்கொள்ளவில்லை. இந்தப் புண்களில் பல, வலியே காட்டாமல் நேராக ரத்தப்போக்கில்தான் தெரியவரும். எனவே எரிச்சல் இல்லை என்பது புண் இல்லை என்பதற்கு அத்தாட்சி ஆகாது.

நீங்கள் குடிக்கும் ஆன்டாசிட் சிரப் எரிச்சலை அணைக்கும், புண்ணைத் தடுக்காது. வயிற்றைக் காக்க என்று நாங்கள் சேர்த்துத் தருவது ஒமிப்ரசோல், பான்டோபிரசோல் போன்றவை. காலையில் சாப்பாட்டுக்கு அரைமணி நேரம் முன்னால் போட வேண்டியவை. அவை வயிற்றுக்கு நல்ல காவல். சிறுநீரகத்தையோ இதயத்தையோ அவை காப்பதில்லை. ‘கேஸ் மாத்திரை சேர்த்துப் போட்டால் எத்தனை நாளும் போடலாம்’ என்ற எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள்.

அந்தக் காகிதப் பொட்டலம்

நான்கு வருட மூட்டு வலியை இரண்டு நாளில் துடைத்துப் போட்ட மாத்திரை, அட்டை இல்லை, பெயர் இல்லை, பசி நன்றாக எடுத்தது, முகம் உப்பியது போல இருந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். பார்க்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் என் சந்தேகம் ஸ்டீராய்டு மேல்தான். டெக்சாமெத்தசோன், பிரெட்னிசலோன் மாதிரி மருந்துகள் வலியையும் வீக்கத்தையும் மந்திரம் போட்ட மாதிரி அடக்கும். சரியான நோய்க்கு, சரியான அளவில் அவை உயிர் காக்கும் மருந்துகள். மூட்டுத் தேய்மானத்துக்கு மாதக்கணக்கில் கண்மூடித்தனமாகப் போட்டால் சர்க்கரை ஏறும், எலும்பு மெலியும், பிரஷர் கூடும். என்செய்டோடு சேர்ந்தால் இரைப்பையில் ரத்தப்போக்கு ஆபத்து பல மடங்காகும். நீங்கள் பத்து நாள் போட்டு நிறுத்தியது நல்லதாகப் போயிற்று. மாதக்கணக்கில் போட்டவர்கள் திடீரென்று நிறுத்தவும் கூடாது. உடம்பு தானாகச் சுரக்கும் ஸ்டீராய்டு அதற்குள் தூங்கிப்போயிருக்கும், படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

திரும்ப அவரிடம் போக வேண்டாம். யார் மருந்து கொடுத்தாலும் அதன் பெயரென்ன, எதற்கு, எத்தனை நாள் என்று கேட்பது உங்கள் உரிமை. மரியாதைக் குறைவாகிவிடுமோ என்று தயங்க வேண்டியதில்லை. பெயர் சொல்ல மறுக்கும் இடத்தில் மருந்தை வாங்காமல் எழுந்து வாருங்கள்.

தலைவலியே மாத்திரையால் வருகிறதா?

முழங்காலுக்காக எழுதிய கடிதத்தில் இதை நீங்கள் ஒரு குறையாகவே சொல்லவில்லை. ஆனால் மாதத்தில் இருபது நாள் தலைவலி என்பது ஒரு வாக்கியத்தில் ஒளிந்திருக்கிறது. தலைவலி வரும் வாகு உள்ளவர்கள் மாதத்தில் 15 நாள் அல்லது அதற்கு மேல் சாதாரண வலி மாத்திரையை மூன்று மாதத்துக்கு மேல் போட்டால், மாத்திரையே தலைவலியை நிலைக்க வைத்துவிடும். மருந்து இறங்கும்போது வலிக்கும், வலிக்கிறதே என்று அடுத்ததைப் போடுவோம், அப்புறம் அது இறங்கும். நிறுத்தினால் முதல் ஒன்றிரண்டு வாரம் தலைவலி கூடும். அதைத் தாண்டினால் பெரும்பாலோருக்குக் குறைகிறது. உயர்ந்த பிரஷராலும் தலை வலிக்கிறதா என்பதையும் மருத்துவர் பார்க்கட்டும். வலித்த நாள், போட்ட மாத்திரை இரண்டையும் ஒரு நோட்டில் குறித்துக்கொண்டு போனால் அவர் வேலை பாதியாகும்.

இனி என்ன செய்யலாம்

டைக்ளோஃபினாக் கூட்டு மாத்திரையையும் ஐபுப்ரோஃபெனையும் இன்றே நிறுத்துங்கள். இவற்றை ஸ்டீராய்டு போலப் படிப்படியாகக் குறைக்க வேண்டியதில்லை. இதற்கிடையில் கறுத்த மலம், ரத்த வாந்தி, நெஞ்சு வலி, மூச்சிரைப்பு, சிறுநீர் வெகுவாகக் குறைவது இவற்றில் எது வந்தாலும் நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விடுங்கள். இரும்புச்சத்து மாத்திரை போட்டாலும் மலம் கறுக்கும், அதனால் அதைப் போட்டிருந்தால் சொல்லுங்கள். ரத்தத்தில் கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டுவது), பொட்டாசியம், ஹீமோகுளோபின், சிறுநீரில் புரதம், முன்பே சொன்ன கல்லீரல் பரிசோதனை: இத்தனையும் ஒரே தடவை எடுத்துவிடலாம். நான்கு வருடத்தில் ஒருமுறைகூட கிரியாட்டினின் பார்க்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். குற்றம் உங்களுடையது மட்டுமில்லை, காலி அட்டையைப் பார்த்துக் கொடுத்துக்கொண்டே இருந்தவர்களுக்கும் பங்குண்டு.

மாத்திரை இல்லாமல் முழங்காலை எப்படிச் சமாளிப்பது? நீங்கள் “சும்மா ஜில்லென்று இருக்கும்” என்று ஒதுக்கிவிட்ட டைக்ளோஃபினாக் ஜெல்லுக்கு ஒரு வாய்ப்புக் கொடுங்கள். முழங்கால் தோலுக்குப் பக்கத்தில் இருக்கும் மூட்டு, அதனால் அதற்கு ஜெல் பயன்படும். மாத்திரையாகப் போட்டால் ரத்தத்தில் சேருவதில் ஏறக்குறைய 6 சதவீதம்தான் ஜெல்லில் சேருகிறது. வலிக்கும்போது மட்டும் ஒரு பட்டாணி அளவு தடவிப் பார்த்துவிட்டு ‘வேலை செய்யவில்லை’ என்றால் அது மருந்தின் குற்றமில்லை. டியூபோடு வரும் அளவுப்படி, சொன்ன வேளைகளில், இரண்டு வாரம் விடாமல் தடவிப் பாருங்கள். சிறுநீரகப் பரிசோதனை முடிவைக் காட்டி, மருத்துவர் சரி என்ற பிறகு தொடங்குங்கள். தடவிவிட்டு சூடான ஒத்தடம் கொடுக்க வேண்டாம்.

அடுத்து, தொடைத் தசை. மாத்திரையைவிட எனக்கு இதில்தான் நம்பிக்கை அதிகம். நாற்காலியில் நிமிர்ந்து உட்காருங்கள். ஒரு காலை மெதுவாக நேராக நீட்டி, பாதத்தை உங்களை நோக்கி இழுத்துப் பிடியுங்கள். முழங்காலுக்கு மேலே கையை வைத்துப் பார்த்தால் தசை கல் மாதிரி இறுகியிருக்க வேண்டும். ஐந்து எண்ணும்வரை பிடித்து மெதுவாக இறக்குங்கள். ஒரு காலுக்குப் பத்து, ஒரு நாளில் மூன்று வேளை. பாடவேளைகளுக்கு நடுவில் ஆசிரியர் அறையிலேயே செய்யலாம். முதல் வாரத்தில் வலி சற்றுக் கூடினால் விட்டுவிடாதீர்கள். பலன் தெரிய எட்டு வாரமாவது ஆகும். இரண்டு நாளில் வலியைத் துடைக்கும் பொட்டலத்தோடு போட்டி போட இதனால் முடியாதுதான். எடையில் ஒரு கிலோ குறைந்தால், ஒவ்வொரு அடி எடுத்து வைக்கும்போதும் முழங்கால் தாங்கும் சுமையில் ஏறக்குறைய நான்கு கிலோ குறைகிறது என்று அளந்து சொல்லியிருக்கிறார்கள். உங்களுக்கு நாலைந்து கிலோ குறைந்தாலே முழங்காலுக்குத் தெரியும்.

கல்லீரல் பரிசோதனை நன்றாக இருந்தால், தாங்க முடியாத நாளில் பாராசிட்டமால் 650 ஒன்று போடலாம். இரண்டு வேளைக்கு நடுவில் ஆறு மணி நேர இடைவெளி, ஒரு நாளில் மூன்றுக்கு மேல் இல்லை, அன்று சளி மாத்திரை கூடாது. மூட்டுத் தேய்மானத்தில் பாராசிட்டமாலின் பலன் சுமாராகத்தான் இருக்கும், இதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

என்செய்டு மாத்திரையை வாழ்நாளில் இனி தொடவே கூடாதா? அப்படிச் சொல்ல மாட்டேன். கிரியாட்டினின் சரியாக இருந்து, பிரஷரும் இறங்கியபின், வலி முற்றிய ஒரு வாரத்துக்கு மருத்துவர் எழுதிக் கொடுக்கலாம். ஒரே ஒரு மருந்து, குறைந்த அளவு, வயிற்றுக்குக் காவல் மருந்தோடு, நிறுத்தும் தேதியும் சீட்டிலேயே எழுதி. உங்கள் கணவர் இதயத்துக்காகச் சின்ன ஆஸ்பிரின் போடுவதாகவும் எழுதியிருந்தீர்கள். அந்த ஐபுப்ரோஃபென் அட்டை அவருக்கும் ஆகாது. ஐபுப்ரோஃபெனை முன்னால் போட்டுவிட்டால், ரத்தத் தட்டணுக்களில் ஆஸ்பிரின் உட்கார வேண்டிய இடத்தில் அது போய் உட்கார்ந்துகொள்ளும். ஆஸ்பிரின் போட்டும் போடாத மாதிரி ஆகிவிடும். அவரும் தன் மருத்துவரிடம் இதைக் கேட்க வேண்டும்.

யாராவது டிராமடால் போடச் சொன்னால் உடனே சரி என்று சொல்லாதீர்கள். அது ஓபியாய்டு வகையை, அதாவது மார்ஃபின் இருக்கும் குடும்பத்தைச் சேர்ந்த வலி மருந்து. தலைசுற்றல், வாந்தி, மலச்சிக்கல், சிலருக்கு வலிப்பு, நாள்பட்டால் பழக்கமாகிப்போகும் ஆபத்து எல்லாம் உண்டு. மூட்டுக்குள்ளேயே போடும் ஸ்டீராய்டு ஊசி வேறு விஷயம். இடுப்பில் போடும் வலி ஊசியோடு அதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். எலும்பு மூட்டு மருத்துவர் தேவை பார்த்துப் போடுவது அது. சில வாரம் நிம்மதி தரும், அடிக்கடி போடக்கூடாது. இவ்வளவும் செய்தும் இரவுத் தூக்கம் போகிறது, வகுப்பில் நிற்க முடியவில்லை என்றால் மூட்டு மாற்று அறுவைச் சிகிச்சை பற்றிப் பேசலாம். 53 வயதில் அதற்கு அவசரமில்லை.

வீட்டில் எல்லோருக்கும் சேர்த்து ஒரு எச்சரிக்கை: டெங்குவாக இருக்குமோ என்று சந்தேகம் வரும் காய்ச்சலில் ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக், ஆஸ்பிரின் எதையும் கொடுக்கக் கூடாது, ரத்தக் கசிவு கூடும். குழந்தைகளின் காய்ச்சலுக்கு ஆஸ்பிரின் கூடவே கூடாது. பெரியவர்களின் மாத்திரையைப் பாதியாக ஒடித்துக் கொடுக்கும் வழக்கமும் வேண்டாம். குழந்தைக்கு மருந்தின் அளவை எடையைப் பார்த்துத்தான் கணக்கிட வேண்டும்.

மருத்துவரிடம் போகும்போது ஒரு பையில் உங்கள் எல்லா அட்டைகளையும் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள்: பிரஷர் மாத்திரை, சளி மாத்திரை, சிரப் பாட்டில், கணவருடைய ஐபுப்ரோஃபென், எங்காவது மூலையில் அந்தப் பொட்டலத்தில் மிச்சம் ஏதாவது கிடந்தால் அதுவும். வாரத்துக்கு இரண்டு தடவை, காலையில், ஐந்து நிமிடம் உட்கார்ந்த பிறகு பிரஷர் அளந்து அதே தலைவலி நோட்டில் எழுதிவையுங்கள். மூன்று நான்கு வாரம் கழித்து, அந்த எண்களோடும் கிரியாட்டினின் முடிவோடும் எனக்கு இன்னொரு கடிதம் போடுங்கள். கணுக்கால் வீக்கம் என்ன ஆயிற்று என்றும் எழுதுங்கள்.